ஈஸ்டர் படம்: முயல் வந்தால் குழந்தைப் படமா, இயேசு வந்தால் குடும்பப் படமா?

2016 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு. பிரிட்டனில் பல வீடுகளில் பிள்ளைகள் கையில் சாக்லேட் முட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மதிய நேரம். சேனல் 5-ல் ஒரு கார்ட்டூன் படம் ஓடுகிறது. பச்சைப் பசேலென்று வயல்வெளி, பேசும் முயல்கள். ஈஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். கொஞ்ச நேரத்தில் வளைக்குள் அடைபட்ட முயல்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. ஒரு முயல் கண்ணியில் கழுத்து இறுகி, வாயில் ரத்தம் கலந்த நுரை தள்ளுகிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு நாய் பாய்ந்து முயல்களைக் குதறுகிறது.

அந்தப் படம் 1978-ல் வந்த 'வாட்டர்ஷிப் டவுன்'. ரிச்சர்ட் ஆடம்ஸின் நாவலை வைத்து மார்ட்டின் ரோசன் எடுத்தது. நல்ல படம்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அன்று மதியம் சமூக வலைதளங்களில் பெற்றோர் கொதித்துப்போனார்கள். ஈஸ்டர் அன்றைக்கா இதைப் போடுவது, பிள்ளை அழுகையை நிறுத்தவே மாட்டேன் என்கிறது என்று புகார் மேல் புகார். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1978-ல் அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்த சான்றிதழ் 'யூ'. அதாவது எல்லோரும் பார்க்கலாம். ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்துத்தான் அது 'பி.ஜி' ஆக மாற்றப்பட்டது.

சேனல்காரர்கள் செய்த அதே தவறை வீட்டில் ரிமோட் வைத்திருக்கும் யாரும் செய்யலாம். போஸ்டரில் முயல் இருந்தால் அது குழந்தைப் படம், இயேசு இருந்தால் அது குடும்பத்தோடு பார்க்கும் படம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறோம். ஈஸ்டர் கதையோ அடிப்படையில் ஒரு மரணத்தையும் அதற்குப் பிறகு வருவதையும் பற்றியது. பண்டிகைப் படங்கள் பலவற்றில் அந்த மரணம் ஏதாவது ஒரு வேடத்தில் வந்து நிற்கும். நாலு வயதுப் பாப்பா, எட்டு வயது அண்ணன், பதிமூன்று வயது அக்கா மூவரும் ஒரே சோபாவில் இருக்கும்போது எதைப் போடுவது என்பது அதனால்தான் கொஞ்சம் யோசித்துச் செய்யவேண்டிய வேலை.

சான்றிதழை நம்பலாமா?

பாதி நம்பலாம். இந்தியாவில் 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முன்பு ஒரே வகையாக இருந்த 'யூஏ' மூன்றாகப் பிரிந்துவிட்டது: யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+. ஓடிடி தளங்களுக்கு இதே மாதிரியான பிரிவுகள் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே வந்துவிட்டன. ஆனால் அங்கே முத்திரை குத்துவது தணிக்கை வாரியம் இல்லை, அந்தந்தத் தளமேதான். 13+ மற்றும் அதற்கு மேலான படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி இருக்கவேண்டும் என்பதும் அந்த விதிகளில் உள்ளது. பல வீடுகளில் அந்தப் பூட்டைப் போட்டதே கிடையாது என்பது வேறு கதை.

ஈஸ்டர் படங்களில் பெரும்பாலானவை ஹாலிவுட்டிலிருந்து வருபவை. அங்கே சிக்கல் 'பி.ஜி' என்ற முத்திரையில்தான். பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் பொருள். வயது எதுவும் அதில் இல்லை. 'ஹாப்', 'ரைஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்', 'பீட்டர் ராபிட்', 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்', 'நார்னியா' வரிசையின் முதல் படம் ஆகிய ஐந்துக்கும் அமெரிக்காவில் கிடைத்தது ஒரே பி.ஜி-தான். ஒன்றில் முயல்குட்டி ஜெல்லி மிட்டாயாகக் கக்கா போகிறது. இன்னொன்றில் ஒரு நாட்டின் தலைப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே ராத்திரியில் சாகிறார்கள். முத்திரை என்னவோ ஒன்றேதான்.

எந்த வயதுக்கு எது பயம்?

பெரியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நமக்கு எது பயமாக இருக்கிறதோ அதுதான் குழந்தைக்கும் பயம் என்று நினைத்துக்கொள்கிறோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஊடகமும் குழந்தைகளின் பயமும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோன் கேன்டர் கண்டது வேறு. 1978 முதல் 1982 வரை ஓடிய 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' தொடர் சிறு குழந்தைகளை மிரட்டியதாகப் பெற்றோர் பலர் சொன்னார்கள். ஹல்க் நல்லவன், எல்லோரையும் காப்பாற்றுகிறவன். ஆனாலும் ஒரு சாதாரண மனிதர் கண்முன்னே பச்சை நிறத்தில் வீங்கி உருமாறுகிற அந்தக் காட்சிதான் குட்டிகளைச் சோபாவுக்குப் பின்னால் ஓட வைத்தது. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உருவமே பயம். நோக்கம் பிறகுதான் புரியும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேலே தலைகீழாகிவிடுகிறது. பேய், பூதத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அப்பா செத்துப்போவது, யாரோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி நிஜத்தில் நடக்கக்கூடிய விஷயங்கள் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

மரணம் பற்றிய புரிதலும் இப்படித்தான். நாலு வயதில் சாவு என்பது தூக்கம் மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவிடலாம். செத்தால் திரும்ப வர முடியாது, அது எல்லோருக்கும் நடக்கும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மெல்லப் பிடிபடுகிறது. ஈஸ்டர் கதையில் இது ஒரு விசித்திரமான நிலைமையை உண்டாக்குகிறது. இயேசு மூன்றாம் நாள் எழுந்தார் என்றால் நாலு வயதுப் பாப்பா 'ஓ, சரி' என்று தலையாட்டிவிடும். ஏழு வயதுப் பையன்தான் திரும்பிக் கேட்பான்: "அப்போ நம்ம தாத்தா ஏன் வரல?"

இந்தக் கேள்வி படம் முடிந்து பத்து நிமிடத்தில் வரலாம், இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதும் வரலாம். சமீபத்தில் துக்கம் நடந்த வீடாக இருந்தால் அதை மனதில் வைத்தே படத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குட்டிகளுக்கு: கால் மணியோ அரை மணியோ

ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுநீளப் படமே தேவையில்லை. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒன்றரை மணி நேரப் படத்தைப் போட்டால் முதல் அரை மணியிலேயே பட்ஜெட் பாதி காலி.

இந்த வயதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது 'இட்ஸ் தி ஈஸ்டர் பீகிள், சார்லி பிரவுன்'. 1974-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த பீநட்ஸ் கார்ட்டூன். நீளம் 25 நிமிடம்தான். இதில் யாரும் சாவதில்லை, வில்லனும் கிடையாது. பெப்பர்மின்ட் பேட்டி என்ற சிறுமி தன் தோழி மார்சிக்கு ஈஸ்டர் முட்டைக்கு வர்ணம் அடிக்கக் கற்றுத்தருகிறாள். மார்சிக்கு முட்டையை எப்படி வேகவைப்பது என்றே தெரியவில்லை. ஒரு தடவை உடைத்து ஊற்றிப் பொரிக்கிறாள், அடுத்த தடவை டோஸ்டரில் போடுகிறாள், கடைசியில் ஓட்டை உடைத்துச் சட்டியில் ஊற்றி சூப்பே வைத்துவிடுகிறாள். சமையலறையில் ஸ்டூல் போட்டு நின்று 'நானும் நானும்' என்கிற எந்தப் பிள்ளைக்கும் இது சொந்தக் கதை. லைனஸ் என்ற பையனோ ஈஸ்டர் அன்று ஒரு நாய் வந்து எல்லோருக்கும் முட்டை கொடுக்கும் என்று அடித்துச் சொல்கிறான். ஒருவரும் நம்பவில்லை. வந்ததா இல்லையா என்பதுதான் மிச்சக் கதை.

'ஹியர் கம்ஸ் பீட்டர் காட்டன்டெயில்' 1971-ல் வந்த பொம்மை அனிமேஷன். பழைய காலத்து நிதானம். இன்றைய பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்திலேயே "போரடிக்குதும்மா" வந்துவிடலாம். போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஈஸ்டர் முயல் என்றதும் எல்லோரும் தேடுவது 'ஹாப்'. 2011-ல் வந்தது. ஈஸ்டர் தீவுக்கு அடியில் ஒரு பெரிய மிட்டாய்த் தொழிற்சாலை. அதன் வாரிசான முயல்குட்டிக்கோ அப்பாவின் வேலை பிடிக்கவில்லை. டிரம்ஸ் வாசிக்க ஹாலிவுட்டுக்கு ஓடிப்போகிறது. ஐந்து வயதுக்கு மேல் ஜாலியாகப் பார்ப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஊருக்குள் வந்த முயல் தங்க இடம் தேடி பிளேபாய் மாளிகை வாசலில் போய் நிற்கிற ஒரு நகைச்சுவை நடுவில் வருகிறது. சின்னப் பிள்ளைக்கு அது புரியாமலே போய்விடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். அப்புறம் தாத்தா பாட்டியும் கூட இருந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த முயல் நம்ம ஊர் ஈஸ்டருக்குச் சொந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியக் குடும்பங்களில் பிறந்து, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போன வழக்கம் அது. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் தவக்காலமும் குருத்தோலை ஞாயிறும் பெரிய வெள்ளியும் கழிந்து, பாஸ்கா திரி ஏற்றும் நள்ளிரவுத் திருப்பலியும் அதிகாலை ஆராதனையும்தான் ஈஸ்டர். நடுவில் முயல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால், பதில் பேக்கரி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சாக்லேட் முட்டையிலிருந்து தொடங்கலாம்.

ஏழு முதல் பத்துவரை: கவனமாக இருக்கவேண்டிய வயது

இந்த வயதில்தான் நல்ல படங்களும் நிறைய, சறுக்கல்களும் நிறைய.

முயல் படங்களில் ஒன்றைத்தான் போடமுடியும் என்றால் அது 'ரைஸ் ஆஃப் தி கார்டியன்ஸ்' ஆக இருக்கட்டும். 2012-ல் வந்தது, பீட்டர் ராம்சே இயக்கம். இதில் வரும் ஈஸ்டர் முயல் கொஞ்சிக்கொண்டு கூடை தூக்கும் ஜாதி இல்லை. ஆளுயரம், ஆஸ்திரேலிய உச்சரிப்பு, கையில் பூமராங். குரல் ஹியூ ஜாக்மேன். குழந்தைகளின் கனவைக் கெட்ட கனவாக மாற்றுகிற 'பிட்ச்' என்பவன் ஈஸ்டர் நெருங்கும் நேரத்தில் வந்து வர்ணமடித்த முட்டைகளை எல்லாம் நொறுக்கிவிடுகிறான். விடிந்ததும் பிள்ளைகள் புல்வெளியில் தேடுகிறார்கள்; ஒரு முட்டைகூட இல்லை. நம்பிக்கை போகப் போக, அந்த ஆஜானுபாகு முயல் கைக்குள் அடங்குகிற குட்டி முயலாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியாக நம்பிக்கொண்டிருப்பது ஜேமி என்ற ஒரே ஒரு பையன்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது மிகச் சரியான படம். சாண்டா, முயல் எல்லாம் நிஜமா என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கிற வயதும் அதுதான். ஆனால் கறுப்பு மணலால் ஆன குதிரைகள் திரை முழுக்கப் பாய்ந்து வரும் காட்சிகள் நாலு வயதுக்குத் தாங்காது. கனவு தரும் மணல்மனிதன் அம்பு பட்டுக் கரைந்துபோகிறான். பிறகு திரும்பி வருகிறான். நாயகன் ஜாக் ஃப்ராஸ்ட் ஒரு காலத்தில் சாதாரணப் பையனாக இருந்தவன், உறைந்த ஏரியில் தங்கையைக் காப்பாற்றப் போய் இறந்தவன் என்பதும் கடைசிப் பகுதியில் தெரியவரும். வீட்டில் அண்ணன், தங்கை இருந்தால் அந்த இடத்தில் சோபா கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

'பீட்டர் ராபிட்' 2018-ல் வந்தபோது ஒரு சர்ச்சை கிளம்பியது. பிளாக்பெர்ரி பழம் ஒத்துக்கொள்ளாத ஒருவர் மீது முயல்கள் வேண்டுமென்றே அதையே எறிகின்றன. ஒன்று வாய்க்குள் போய்விட, அவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறார். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கோபப்பட்டார்கள். சோனி நிறுவனமும் படக்குழுவும் மன்னிப்புக் கேட்டன. மற்றபடி அடிதடி, கலாட்டா, சிரிப்பு. வகுப்பில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையோ முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளையோ ஒருவராவது இருக்கிற காலம் இது. சொந்த வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் படத்தைத் தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இல்லாத வீட்டில், அந்தக் காட்சி வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, இது விளையாட்டு இல்லை, நிஜத்தில் உயிரே போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தொடரலாம்.

இயேசு கதையை எதில் தொடங்குவது?

பல வீடுகளில் அசல் கேள்வி இதுதான். சிலுவையில் அறைவதைக் காட்டாமல் ஈஸ்டர் கதை சொல்லமுடியாது. எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

'தி மிராக்கிள் மேக்கர்' பலரும் கேள்விப்படாத படம். 2000-ல் வந்தது. வேல்ஸ் கலைஞர்களும் மாஸ்கோ ஸ்டூடியோ கலைஞர்களும் சேர்ந்து பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்தது. இயேசுவுக்குக் குரல் ரால்ஃப் ஃபைன்ஸ். வேதாகமத்தில் வரும் யவீருவின் நோயாளி மகள்தான் இதில் கதைக்குக் கண். தாமார் என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இயேசுவைப் பிள்ளையின் உயரத்திலிருந்து நாமும் பார்க்கிறோம். உவமைகளும் நினைவுகளும் வரும் இடங்களில் பொம்மை போய்க் கையால் வரைந்த ஓவியமாகப் படம் மாறிவிடுகிறது. சிலுவைக் காட்சி இருக்கிறது, ஆனால் ரத்தத்தை நீட்டிக் காட்டுவதில்லை. மகதலேனா மரியாளை அசுத்த ஆவிகள் ஆட்டுவிக்கும் பகுதிதான் குட்டிகளுக்குக் கொஞ்சம் பயம். ஏழு வயதிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம். இந்த வகையில் இதைத் தாண்டின படம் இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

2025 ஏப்ரலில் வந்த 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' கம்ப்யூட்டர் அனிமேஷன். இயக்குநர் கொரியாவின் ஜாங் சியோங்-ஹோ. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் குறும்புக்கார மகன் வால்டருக்கு இயேசுவின் கதையைச் சொல்வதாகப் படம் போகிறது. ஆர்தர் ராஜா, வாள் சண்டை என்று திரியும் பையன், அப்பா சொல்லச் சொல்லக் கதைக்குள்ளேயே நடந்துபோகிறான். 'அப்புறம் என்னாச்சு?' என்று நடுநடுவே கேட்க ஒரு பிள்ளை திரையிலேயே இருப்பதால், கனமான இடங்களில் பார்க்கிற பிள்ளைக்கும் ஒரு துணை கிடைக்கிறது. ஆறு, ஏழு வயதுக்குக்கூட இது சரிப்படும்.

டிக்கன்ஸ் தன் பிள்ளைகளுக்காக இயேசுவின் வாழ்க்கையை எழுதியது நிஜம். 1840களின் பிற்பகுதியில் எழுதி, வீட்டுக்குள் மட்டும் படிக்கவைத்து, அச்சிடக்கூடாது என்று சொல்லிவிட்டார், 1934-ல்தான் புத்தகமானது. அந்த வால்டரும் நிஜம். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர், 1863-ன் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தார். வயது 22. படம் முடிந்த பிறகு பெரிய பிள்ளைகளிடம் சொல்ல ஏற்ற செய்தி இது, சின்னதுகளிடம் வேண்டாம்.

'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1998) ஈஸ்டர் படம் இல்லை, மோசேயின் கதை. ஆனால் இயேசுவின் கடைசி இராப்போஜனம் நடந்தது பஸ்கா பண்டிகைக் காலத்தில். அந்தப் பஸ்கா எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்தப் படம் சொல்கிறது. பாட்டு, ஓவியம், செங்கடல் பிளக்கும் காட்சி என எல்லாமே பிரமாதம். தலைப்பிள்ளைகள் சாகும் இரவில் ரத்தம் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு வெளிச்சம் தெருவில் போகிறது, ஒரு மூச்சு அடங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் விஷயம் புரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அமைதி கத்தியைவிடக் கூர்மை. வீட்டின் மூத்த பிள்ளை பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நேரடியாக வேதாகமக் கதை வேண்டாம் என்கிற வீடுகளுக்கு 2005-ன் நார்னியா படம், 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்', இருக்கிறது. துரோகம் செய்த ஒரு பையனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் தன்னையே கொடுக்கிறது. பிடரியைச் சிரைத்து, கேலி செய்து, கல்மேடையில் கொல்கிறார்கள். விடியும்போது மேடை உடைந்து கிடக்கிறது, சிங்கம் உயிரோடு நிற்கிறது. பெரிய வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை நடந்ததெல்லாம் இதில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை தானாகவே அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

தாத்தா பாட்டிகள் இருக்கிற வீட்டில் வேறு இரண்டு பெயர்கள் வரக்கூடும். ஒன்று, 1979-ன் 'ஜீசஸ்'. லூக்கா நற்செய்தியை அப்படியே படமாக்கியது. 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பட்டது, தமிழிலும் உண்டு. ஊர் ஊராகத் திரை கட்டி இரவில் காட்டப்பட்ட படம். இன்னொன்று, 'பாசமலர்' எடுத்த பீம்சிங் தெலுங்கில் இயக்கி 1978-ல் வெளியான 'கருணாமயுடு'. விஜயசந்தர் இயேசுவாக நடித்த அந்தப் படமும் தமிழில் டப் ஆனது. இரண்டுமே இன்றைய வேகத்துக்கு மெதுவானவை. ஆனால் மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து இதைப் பார்த்த பாட்டி பக்கத்தில் இருந்தால், படத்தைவிட அவர் சொல்கிற கதைக்காகவே பிள்ளைகள் உட்காருவார்கள்.

பதின்ம வயதுக்கு

பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு முயலும் வேண்டாம், ஞாயிறு பள்ளிக் கதையும் வேண்டாம். அவர்களுக்கு 'ரைசன்' (2016) போட்டுப் பார்க்கலாம். ஜோசஃப் ஃபைன்ஸ் ஒரு ரோம அதிகாரி. கல்லறையிலிருந்து காணாமல்போன உடலைக் கண்டுபிடிக்கச் சொல்லி பிலாத்து உத்தரவு. நம்பாத ஒருவன் ஒவ்வொரு சாட்சியாக விசாரிக்கிற துப்பறியும் கதை போலவே படம் நகர்கிறது. சந்தேகம் கேட்கிற வயதுக்குச் சந்தேகப்படுகிற நாயகன். ஆரம்பச் சண்டையும் அழுகிய பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் காட்சிகளும் இருப்பதால் பி.ஜி-13. தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு போடவேண்டிய படம்.

'பென்-ஹர்' (1959) மூன்றரை மணி நேரம். பதினோரு ஆஸ்கர் என்று சொன்னாலும் பிள்ளைகள் அசையமாட்டார்கள். ஒன்பது நிமிட ரதப் போட்டியை மட்டும் தனியாகப் போட்டால், மிச்சத்தையும் அவர்களே கேட்க வாய்ப்புண்டு. அந்தப் படத்தில் இயேசுவின் முகம் ஒரு தடவைகூடக் காட்டப்படுவதில்லை. அதைக் கவனிக்கச் சொன்னால் சினிமா ஆர்வம் உள்ள பிள்ளை ஒட்டிக்கொள்ளும்.

மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' (2004) பற்றி மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும். அது குழந்தைகளுக்கான படம் இல்லை. இயேசு படம்தானே என்று புனித வெள்ளியன்று முழுக் குடும்பத்தோடு உட்காரும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அமெரிக்காவில் 'ஆர்', பிரிட்டனில் 18 என்று முத்திரை பெற்ற படம் அது. சாட்டையடிக் காட்சி நிமிடக்கணக்கில் நீள்கிறது. மறு ஆண்டு கிப்சனே சில நிமிடங்களை வெட்டி மென்மையாக்கிய பதிப்பு ஒன்றை வெளியிட்டார். அதற்கும் 'ஆர்'-தான் என்று அமெரிக்கத் தணிக்கை அமைப்பு சொல்லிவிட்டது. பக்தி வேறு, பத்து வயதுப் பிள்ளையின் கண் வேறு.

மூன்று வயது, ஒரு டிவி

சரி, ஞாயிறு மதியம் பிரியாணி முடிந்து சித்தி வீட்டுப் பிள்ளைகளும் வந்து, நாலு, எட்டு, பதிமூன்று என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் எல்லோரும் சேர்ந்து 25 நிமிட ஈஸ்டர் பீகிள். பெரியவள் முகத்தைச் சுளிப்பாள். மார்சியின் முட்டை சூப்பில் அவளும் சிரித்துவிடுவாள். அது முடிந்ததும் பாப்பாவுக்கு மதியத் தூக்கமோ, முட்டைக்கு வர்ணம் அடிக்கும் வேலையோ. இப்போது எட்டு வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் சேர்த்து 'கார்டியன்ஸ்' அல்லது 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'. ராத்திரி மூத்தவளோடு 'ரைசன்'. எல்லோருக்கும் பொதுவாக ஒரே படம் தேடிக் கடைசியில் ஒருவருக்கும் பிடிக்காத ஒன்றில் போய் நிற்பதைவிட இது சுலபம்.

இடையில் குட்டி பயந்துவிட்டால்? "இதெல்லாம் பொய்டா, நடிப்பு" என்பது எட்டு வயதுக்கு வேலை செய்யும். நாலு வயதுக்குச் செய்யாது. கேன்டரின் ஆய்வுகள் இங்கேயும் உதவுகின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கத்தைவிட மடி, போர்வை, பிடித்த பொம்மை, குடிக்க ஏதாவது என உடம்புக்குப் புரிகிற ஆறுதலே பலன் தருகிறது. படத்தை நிறுத்திவிட்டு வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய பிள்ளைக்கு மாறாக, பேச்சுதான் மருந்து. எது பயமாக இருந்தது, அது நிஜத்தில் நடக்குமா, நடந்தால் யார் இருப்பார்கள் என்று அவர்கள் கேட்கிற வரைக்கும் பேசினால் போதும்.

போடுவதற்கு முந்தைய இரவே படத்தின் கடைசி இருபது நிமிடத்தைப் பெற்றோர் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. டிரெய்லரில் ஜோக்குகளைப் போடுவார்கள். யார் சாகிறார்கள் என்பது கிளைமாக்ஸில்தான் இருக்கும். ஓடிடியில் பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் வைத்து, பெரியவர்கள் புரொஃபைலுக்கு பின் நம்பர் போட்டுவிட்டால், 'வாட்டர்ஷிப் டவுன்' மாதிரி ஒன்று தானாக அடுத்து ஓடத் தொடங்கும் ஆபத்து குறையும். அந்தப் படத்தையும் ஒரேயடியாக ஒதுக்கவேண்டியதில்லை. பதினோரு, பன்னிரண்டு வயதில், பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்த்தால் அது வாழ்நாளுக்கும் மறக்காத படம்.

நாலும் பதிமூன்றும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஒரு ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் 1948-ன் 'ஈஸ்டர் பரேட்' தொடக்கத்தைப் போடலாம். பொம்மைக் கடையில் ஒரு சின்னப் பையன் கடைசி முயல் பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஃபிரெட் அஸ்டேருக்கும் அதேதான் வேண்டும். கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடையில் இருக்கும் டிரம்களை எல்லாம் கையாலும் காலாலும் தலையாலும் தட்டி ஆடத் தொடங்குகிறார். பையன் வாயைப் பிளந்து பார்க்கிறான். ஆட்டம் முடியும்போது டிரம் பையன் கையில், முயல் அஸ்டேர் கையில்.